லண்டன் பென்ஷனோடு வலங்கைமானில் குடியேறுகிறவருக்கு

கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். லண்டனில் ஒரு பஸ் கம்பெனியில் 27 வருடம் வேலை பார்த்திருக்கிறீர்கள். 66 வயது முடிந்து அரசு பென்ஷன் தொடங்கப் போகிறது. கம்பெனி பென்ஷன் மாதம் 250 பவுண்டு. உங்களிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓ.சி.ஐ. அட்டையும் இருக்கின்றன. மனைவிக்கு 62 வயது, இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான். வலங்கைமான் பக்கத்தில் பூர்வீக மனையில் வீடு கட்டிக்கொண்டு, நாலு மா நஞ்சை வாங்கிப்போட்டு, பென்ஷனை வைத்துக் காலத்தை ஓட்டிவிடலாமா, வரி எவ்வளவு ஆகும், பணத்தை எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கும்பகோணத்தில் வரிக்கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். சிங்கப்பூர், துபாய், லண்டன் என்று போய்த் திரும்பியவர்களின் கணக்கு என் மேஜைக்கு நிறைய வரும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: ஓட்டிவிடலாம். துபாயிலிருந்து வருகிறவர் கையில் பணிக்கொடையாக மொத்தத் தொகை ஒன்று இருக்கும், அதோடு சரி. உங்களுக்கு உயிர் உள்ளவரை பென்ஷன். ஆனால் அந்தப் பென்ஷனுக்கு ஒரு குணம் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் வீட்டு பிளானைக் கையில் எடுக்காதீர்கள்.

பிரிட்டிஷ் அரசு பென்ஷன் அங்கே இருப்பவர்களுக்கு வருடா வருடம் ஏப்ரலில் ஏறும். ஐரோப்பிய நாடுகளிலும், பிரிட்டனோடு இதற்கென்று ஒப்பந்தம் உள்ள வேறு சில நாடுகளிலும் குடியேறியவர்களுக்கும் ஏறும். இந்தியாவில் குடியேறியவர்களுக்கு ஏறாது. நீங்கள் கிளம்பும்போது என்ன தொகையோ, அதே பவுண்டுதான் கடைசி வரைக்கும். 2005-ல், பழைய முறையில், முழு அடிப்படை பென்ஷனோடு ஊர் வந்து சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவருக்கு வாரம் 82.05 பவுண்டு. 2025-26-ல் அதே பென்ஷனை லண்டனில் வாங்குபவருக்கு 176.45 பவுண்டு. இவருக்கு இன்றும் 82.05தான். அப்போது பவுண்டு 80 ரூபாய் பக்கம் இருந்தது, வாரத்துக்கு ஆறாயிரத்து ஐநூறு சொச்சம் வந்தது. இப்போது 115 என்று வைத்தால் ஒன்பதாயிரத்து நானூறு. இருபது வருடத்தில் ரூபாய் சரிந்ததால் கிடைத்த ஏற்றம் அவ்வளவுதான். இருபது வருடத்தில் கும்பகோணத்தில் ஒரு டிகிரி காபி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இதில் ஒரு சின்ன சலுகை உண்டு. பிள்ளைகளைப் பார்க்க அங்கே போய்த் தங்கும் நாட்களுக்கு மட்டும் அன்றைய உயர்ந்த தொகையைக் கேட்டு வாங்கலாம். திரும்பியதும் பழைய தொகைக்கு வந்துவிடும். கம்பெனி பென்ஷன் இப்படி உறைவதில்லை. அது அந்தத் திட்டத்தின் விதிப்படி நடக்கும், எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று பார்க்காது. வருடா வருடம் ஏறுமா, எத்தனை சதவீதம் வரை என்று கிளம்புவதற்கு முன்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கணக்கு. உங்களுக்கு வருவது புதிய முறை பென்ஷன். தேசிய இன்ஷூரன்ஸ் பங்களிப்பை 35 வருடம் கட்டியவருக்கு அது முழுசாக, 2025-26-ல் வாரம் 230.25 பவுண்டு. 27 வருடத்துக்குச் சுமார் 177.60 வரும். வருடத்துக்கு 9,236 பவுண்டு, அதோடு கம்பெனி பென்ஷன் 3,000. மொத்தம் 12,236 பவுண்டு. 115 ரூபாய் வீதம் 14 லட்சத்துச் சொச்சம், மாதம் ஒரு லட்சத்துப் பதினேழாயிரம். சொந்த வீட்டில் இருக்கும் இரண்டு பேருக்கு வலங்கைமானில் இதில் பாதி போதும். அந்த மறுபாதிதான் பத்து வருடம் கழித்து உங்களுக்குச் சோறு போடப்போகிறது. அதனால் முதல் மாதத்திலிருந்தே அதை இல்லாத பணமாக நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அரசு பென்ஷன் மாதாமாதம் வராது, நாலு வாரத்துக்கு ஒருமுறை வரும். வருடத்துக்கு 13 தவணை. வருடச் செலவைப் பன்னிரண்டு தவணைக்குள் அடக்கி, அந்தப் பதின்மூன்றாவது தவணையை மருத்துவ இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கு என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல வழக்கம்.

அடுத்தது வரி. இங்கேதான் விமான டிக்கெட்டின் தேதிக்கு விலை இருக்கிறது.

நம் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. நீங்கள் வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வந்து போகிறவர் என்பதால், ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்தால்தான் வரிக்கணக்கில் இந்தியவாசி. அக்டோபர் முதல் வாரம் கழித்து வந்து இறங்கினால் மார்ச் கடைசிக்குள் 182 நாள் ஆகாது. அதற்கு முன் அந்த நிதியாண்டில் ஊருக்கு வந்து போயிருக்கவும் கூடாது, அந்த நாட்களும் சேரும். அப்படியானால் அந்த வருடம் முழுவதும் நீங்கள் வெளிநாட்டுவாசி. அதற்கடுத்த இரண்டு வருடம் இந்தியவாசிதான், ஆனால் ‘சாதாரணமாக வசிக்காதவர்’ என்ற நடுத்தட்டில் இருப்பீர்கள். முந்தைய பத்து வருடத்தில் ஒன்பது வருடம் வெளிநாட்டுவாசியாக இருந்தால் இந்தத் தட்டு கிடைக்கும். முந்தைய ஏழு வருடத்தில் இந்தியாவில் இருந்தது 729 நாளுக்கு மேல் போகாவிட்டாலும் கிடைக்கும், அதில் சிலருக்கு இன்னொரு வருடமும் தேறும். இந்தக் காலத்தில் வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம், பிரிவு எண்கள் வேறு, ஆனால் இந்த ஏற்பாடு மாறவில்லை.

இந்தச் சலுகையை நம்புகிறவர்கள் ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள். வெளிநாட்டு வருமானம் என்றாலும், அதை முதன்முதலாக இந்தியாவில் வாங்கினால் அது இந்தியாவில் பெற்ற வருமானம் ஆகிவிடும். நடுத்தட்டில் இருந்தாலும் வரி உண்டு. ஆகவே அந்த வருடங்களில் பென்ஷனை நேராகக் கும்பகோணம் வங்கிக் கணக்குக்கு வரச்செய்யாதீர்கள். லண்டன் கணக்கில் விழட்டும், அப்புறம் அங்கிருந்து வேண்டியதை அனுப்பிக்கொள்ளுங்கள். லண்டனில் கையில் வாங்கிவிட்ட பணத்தை இங்கே அனுப்புவது வருமானம் ஆகாது. பணம் அதே பணம்தான், முதலில் விழும் கணக்கு மட்டும்தான் வேறு. வரி என்னவோ ஒரு பக்கம் பூஜ்யம், மறுபக்கம் முழுசு. கம்பெனி பென்ஷனில் ஒரு பங்கை மொத்தமாக எடுக்கும் வசதி உங்கள் திட்டத்தில் இருந்தால் அதையும் இந்தக் காலத்துக்குள், லண்டன் கணக்கிலேயே எடுத்துவிடுவது நல்லது. அங்கே கால் பங்கு வரியில்லாமல் கிடைக்கும் என்பது இங்கே உள்ள சட்டத்தைக் கட்டுப்படுத்தாது.

நடுத்தட்டு முடிந்ததும் உலகத்தில் எங்கிருந்து வந்தாலும் எல்லா வருமானமும் இங்கே கணக்கில் வரும். பிரிட்டனோடு உள்ள ஒப்பந்தப்படி அரசு ஊழியராக வேலை பார்த்தவர்களின் பென்ஷன் தவிர்த்த மற்ற பென்ஷனுக்கு (உங்கள் இரண்டும் இதில்தான் சேரும்), வசிக்கும் நாட்டில்தான் வரி. உங்கள் தொகை அங்கே வரியில்லா வரம்பான 12,570 பவுண்டுக்குள் இருப்பதால் அங்கே பிரச்சினையும் இல்லை. இங்கே புதிய வரி முறையில், கம்பெனி பென்ஷன் சம்பளத்தோடு சேர்வதால் 75,000 ரூபாய் நிலைக்கழிவு உண்டு. மீதி சுமார் 13 லட்சத்து 32 ஆயிரம். 2025-26 விகிதத்தில் செஸ்ஸோடு சேர்த்து வரி 83,000 ரூபாய் பக்கம் வரும், மாதத்துக்கு ஏழாயிரம். 12 லட்சம் வரை வரி இல்லை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 12 லட்சத்துக்குள் நிற்கிறவருக்குத்தான். தாண்டிவிட்டால் நாலு லட்சத்துக்கு மேல் உள்ளதெல்லாம் அடுக்கடுக்காகக் கணக்கில் வரும். பவுண்டின் விலை ஏறினால் நீங்கள் ஒன்றும் செய்யாமலே வரியும் ஏறும். முதியவர், தொழில் வருமானம் இல்லை என்பதால் முன்கூட்டியே தவணை கட்டும் தொல்லை மட்டும் கிடையாது.

அந்தக் கட்டத்தில் லண்டன் வங்கிக் கணக்கு, அங்கே உள்ள சேமிப்பு எல்லாவற்றையும் ஐ.டி.ஆர்-2 படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டவேண்டும், அதுவும் ஜனவரி முதல் டிசம்பர் வரை உள்ள கணக்காக. வைத்திருப்பது குற்றமில்லை. வெளிநாட்டில் வாழ்ந்தபோது சேர்த்ததைத் தொடர்ந்து அங்கேயே வைத்துக்கொள்ள அன்னியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது. காட்டாமல் விடுவதுதான் குற்றம், அபராதம் வருடத்துக்குப் பத்து லட்சம். வீடு, நிலம் அல்லாதவை மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபர் முதல் அந்த அபராதம் இல்லை. அதற்காகக் காட்டாமல் இருந்துவிடாதீர்கள். அந்த நாட்டு வங்கிகள் தரும் தகவல் அங்குள்ள வரித்துறை வழியாகத் தானாகவே இங்கே வந்துவிடுகிறது. அங்கே ஆறாயிரம் ரூபாய் இருந்த ஒரு பழைய கணக்குக்காக நோட்டீஸ் வாங்கிக்கொண்டு ஓடிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வங்கி விஷயம். நிரந்தரமாகத் தங்குவது என்று வந்த நாளிலிருந்தே அன்னியச் செலாவணிச் சட்டம் உங்களை உள்நாட்டுவாசி என்று எண்ணும். வரிச் சட்டத்தின் 182 நாள் கணக்கு வேறு, இது வேறு. ஆகவே வெளிநாட்டில் இருப்பவர் என்ற முறையில் இங்கே ரூபாயில் வைத்திருக்கும் உங்கள் என்.ஆர்.ஈ. கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றச் சொல்லிவிடுங்கள். அதன் வட்டிக்கு இருந்த விலக்கு அத்தோடு போயிற்று. வெளிநாட்டுப் பணமாகவே போட்டு வைத்த எஃப்.சி.என்.ஆர். டெபாசிட் முதிர்வு வரை இருக்கலாம். பவுண்டாகவே வைத்துக்கொள்ள விரும்பினால் ஆர்.எஃப்.சி. என்று ஒரு கணக்கு உண்டு, திரும்பி வந்தவர்களுக்கென்றே ஏற்படுத்தியது. வேண்டும்போது பிள்ளைகளுக்கு அங்கே அனுப்பவும் தடையில்லை. நடுத்தட்டுக் காலத்தில் அதன் வட்டிக்கும் வரியில்லை. கிளை மேலாளருக்கே இந்தக் கணக்கு தெரியாமல் இருக்கலாம், அன்னியச் செலாவணி பார்க்கும் கிளையில் கேளுங்கள்.

லண்டன் கணக்கை மூடாதீர்கள். ஆனால் வெளிநாட்டு முகவரி கொடுத்தால் கணக்கை மூடச் சொல்லும் வங்கிகளும் அங்கே இருக்கின்றன, முன்கூட்டியே பேசி வையுங்கள். அனுப்பும்போது கட்டணத்தை மட்டும் பார்க்காமல் என்ன விலைக்குப் பவுண்டை மாற்றுகிறார்கள் என்று பாருங்கள், உண்மையான செலவு அங்கேதான் ஒளிந்திருக்கும். வங்கிக்குப் போகாமல் ஆள் மூலம் பணம் அனுப்பும் உண்டியல் வேண்டவே வேண்டாம். சிங்கப்பூர்க்காரர்கள் ‘பத்து நிமிஷத்தில் வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுவான்’ என்பார்கள். கொடுப்பான்தான். நாளைக்கு வீடு கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட ஒரு துண்டுச் சீட்டு இருக்காது, சட்டப்படி குற்றமும் கூட.

நாலு மா நஞ்சைக்கு வருகிறேன். ஓ.சி.ஐ. வைத்திருப்பவர் விவசாய நிலம் வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், வீடு, மனை வாங்கலாம், நஞ்சையும் புஞ்சையும் வாங்கக்கூடாது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் இதை யாரும் கேட்காமலே பதிவாகிவிடும், அதனால் செல்லும் என்று ஆகாது. விற்கப் போகும்போதுதான் குடைச்சல் தொடங்கும். மனைவி இந்தியக் குடிமகள், ஊரில் குடியேறியதும் அவர் பெயரில் வாங்கத் தடையில்லை. அதனால் சட்டத்துக்கு வழி இருக்கிறது. கேள்வி, வாங்கவேண்டுமா என்பது.

டெல்டாவில் வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைக்கக்கூடாது. முதலில் அது கோயில் நிலமா, மடத்து நிலமா என்று பாருங்கள். நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் கோயில் நிலமும் ஆதீன நிலமும் கலந்து கிடக்கின்றன, பட்டா யார் பெயரிலோ இருக்கும். அடுத்தது குத்தகைதாரர். 1955-ல் வந்த சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பதிவு பெற்ற குத்தகைதாரர் உழுதுகொண்டிருக்கும் நிலத்தை வாங்கினால், உங்களுக்குக் கிடைப்பது நிலம் அல்ல, குத்தகை நெல் கேட்கும் உரிமை. சிட்டா, அடங்கல் இரண்டையும் பார்த்துவிட்டு, நேரில் வயலுக்குப் போய் யார் நடவு நடுகிறார்கள் என்று பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள். அந்தப் பேச்சில் தெரியவருவது எந்தக் காகிதத்திலும் இருக்காது.

எல்லாம் சுத்தமாக இருந்தாலும், நாலு மா என்பது ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வந்தால் ஒரு கணக்கு, வராவிட்டால் வேறு கணக்கு, அறுவடை நேரத்து மழையில் நெல் கொள்முதல் நிலைய வாசலில் நனைந்தால் இன்னொரு கணக்கு. நிலத்துக்குக் கொடுக்கும் விலைக்கு விளைச்சல் வட்டி கட்டாது. ஆசைக்காக வாங்குங்கள், தவறில்லை. வருமானத்துக்கு என்று சொல்லிக்கொண்டு வாங்காதீர்கள். என் யோசனை: ஒரு போகம் முழுக்க ஊரில் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பூர்வீகத்தில் உங்கள் பங்கு ஏதாவது பாகம் பிரியாமல் கிடந்தால் அதை முதலில் பிரித்துப் பட்டா மாற்றுங்கள், கையில் இருக்கும் நிலத்துக்கே வேலை கிடக்கும். தம்பிக்கோ மச்சானுக்கோ முன்பு பவர் எழுதிக் கொடுத்திருந்தால், இப்போதுதான் நீங்களே வந்துவிட்டீர்களே, முறைப்படி ரத்து செய்து பதிவு செய்துவிடுங்கள். மனஸ்தாபம் வரும் என்று தள்ளிப்போடத் தள்ளிப்போட மனஸ்தாபம்தான் பெரிதாகும்.

வீடு உங்களுக்குத் தேவை, கட்டுங்கள். கீழ்த்தளம் மட்டும். பிள்ளைகள் வந்தால் தங்க என்று மாடியில் மூன்று அறை கட்டிப் பூட்டி வைத்திருக்கும் வீடுகள் மன்னார்குடியிலிருந்து மாயவரம் வரை எத்தனை பார்க்கிறோம். கொண்டுவரும் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செங்கல்லுக்குப் போகக்கூடாது என்பது என் கட்சி.

மீதிப் பணத்துக்கு மனைவி பெயரில் முதியோர் சேமிப்புத் திட்டம் தொடங்கலாம். 30 லட்சம் வரை போடலாம், 2025-ல் வட்டி 8.2 சதவீதம். முழுசாகப் போட்டால் காலாண்டுக்கு 61,500 ரூபாய். ஓ.சி.ஐ. வைத்திருக்கும் உங்கள் பெயரில் முயலவேண்டாம். ஒரு விஷயம் மட்டும்: நீங்கள் கொடுத்த பணத்தில் மனைவிக்கு வரும் வட்டி, வரிக்கணக்கில் உங்கள் வருமானத்தோடுதான் சேரும். அந்த வட்டியை அவர் மறுபடி முதலீடு செய்து அதில் வருவதுதான் அவருடையது. அதற்காக இதைத் தவிர்க்க வேண்டாம், காரணம் பின்னால் சொல்கிறேன். வங்கி டெபாசிட்டை ஒரே வங்கியில் குவிக்காதீர்கள். இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரைதான். நிதிக் கம்பெனிகளுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. ‘லண்டன்லேர்ந்து வந்திருக்காராம்’ என்று தெரிந்தால் இரண்டு வட்டி, மூன்று வட்டி என்று வாசலுக்கே வருவார்கள். கொஞ்சம் பணம் வளரும் இடத்திலும் இருக்கட்டும், பத்து வருடத்துக்குத் தொடவேண்டாத தொகையை மட்டும் நல்ல மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடலாம். உறைந்த பென்ஷனுக்கு வேறு மாற்று மருந்து இல்லை.

கும்பாபிஷேக நன்கொடை, கைமாற்று என்று வருகிறவர்களுக்கும் ஒரு வருடத் தொகையை முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2028-ல் மகாமகம் வேறு வருகிறது, கும்பகோணத்துக்குப் பத்து கிலோமீட்டரில் சொந்த வீடு வைத்திருப்பவருக்கு அந்த மாசி மாதம் சத்திரம் நடத்துகிற மாதிரிதான் இருக்கும்.

மருத்துவம். அங்கே குடியிருப்பு முடிந்ததும் அந்த நாட்டு இலவச மருத்துவ உரிமையும் முடிந்தது. இங்கே மருத்துவ இன்ஷூரன்ஸில் சேர வயது வரம்பை 2024-ல் எடுத்துவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். ஆகவே வந்த பிறகு பார்க்கலாம் என்று விடாமல் வந்த மாதமே எடுங்கள், இருக்கும் நோயை மறைக்காமல் எழுதுங்கள். காத்திருக்கும் மூன்று வருடத்துக்கு என்று கையில் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஒரு தொகை தனியாக இருக்கவேண்டும். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் நல்ல ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, முன்பணம் கேட்பார்கள்.

இப்போது மேலே சொல்லாமல் விட்ட காரணம். முதலில் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், 2016 ஏப்ரலுக்குப் பிறகு தொடங்கும் புதிய அரசு பென்ஷன் பெரும்பாலும் மனைவிக்குப் போகாது. கம்பெனி பென்ஷனில் பாதியோ அதற்குக் குறைவாகவோ போகலாம், எவ்வளவு என்று அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். மாதம் ஒரு லட்சத்துச் சொச்சம் வந்த வீட்டில் திடீரென்று பதினைந்தாயிரம் வரும் என்றால் அவர் என்ன செய்வார்? அதனால்தான் அவர் பெயரில், அவர் கையெழுத்தில், அவருக்கே நடத்தத் தெரிந்த டெபாசிட் வேண்டும் என்கிறேன். அவர் அங்கே வேலை பார்த்து பத்து வருடம் பங்களிப்பு கட்டியிருந்தால் அவருக்கே தனி பென்ஷன் உண்டு, அதையும் விசாரியுங்கள். உயில் இங்குள்ள சொத்துக்கு இங்கே ஒன்று, அங்குள்ளதற்கு அங்கே ஒன்று. ஒன்று மற்றதை ரத்து செய்வதாக வாசகம் வராமல் வக்கீலிடம் பார்த்து எழுதுங்கள். இங்கே வாரிசு வரி 1985-லேயே போய்விட்டது. பிரிட்டனில் உண்டு, நீண்ட காலம் அங்கே வாழ்ந்தவரை, நாட்டை விட்டுப் போன பிறகும் சில வருடம் அது துரத்தும்.

கடைசியாக உயிர்ச்சான்று. பென்ஷன் அலுவலகம் அவ்வப்போது நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டுத் தபாலில் படிவம் அனுப்பும். சாட்சி கையெழுத்தோடு திருப்பி அனுப்பாவிட்டால் பணம் நின்றுவிடும். நம்மூர் ஜீவன் பிரமாண் விரல் ரேகை இதற்கு ஆகாது. காரைக்காலில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்களில் பாட்டிகூட இந்த வேலையை வருடம் தவறாமல் கச்சிதமாக முடிப்பார், அவர்களுக்குத் தலைமுறைப் பழக்கம். உங்கள் தெருவில் தபால் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். முகவரியில் கதவு எண் பழையது, புதியது இரண்டும், பின்கோடும் இருக்கட்டும். வீடு கட்டி முடியும் வரை அண்ணன் வீட்டு முகவரி கொடுத்திருந்தால் அதை மாற்ற மறக்காதீர்கள். கிளம்பும்போது அங்குள்ள வரி அலுவலகத்துக்கு நாட்டை விட்டுப் போவதாகச் சொல்லும் பி85 படிவத்தை அனுப்பிவிட்டு, தேசிய இன்ஷூரன்ஸ் எண், கம்பெனி பென்ஷன் எண், இரண்டு அலுவலகங்களின் முகவரி, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி மனைவியிடம் கொடுத்து வையுங்கள். டிக்கெட் போடுமுன் வந்துபோன நாட்களின் கணக்கை பாஸ்போர்ட் முத்திரை பார்த்து ஏழு வருடத்துக்கு எழுதி அனுப்பினால், எந்தத் தேதிக்கு வருவது லாபம் என்று சரியாகச் சொல்கிறேன்.